உறுதி இல்லாதவங்கட வீடு

"மகள்ட கலியாணம் சரி வந்திட்டு, தங்கச்சி. வைகாசிக்குள்ள வீட்ட விட்டுத் தாங்க."

தம்பிலுவில், திருக்கோவில் பக்கம் வாடகைக்கு இருந்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இந்த வசனம் ஏதோ ஒரு வடிவத்தில் வந்து விழும். இதைச் சொல்லும் வீட்டுக்காரரில் கோபப்படவும் ஏலாது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டைக் கட்டினதே மகளுக்காகத்தான். வாடகைக்கு வந்த குடும்பம், மகள் வளர்ந்து வரும் வரைக்கும் வீட்டைப் பூட்டி வைக்காமல் பார்த்துக்கொண்ட இடைக்காலத்து ஆட்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இடைக்காலம் சில நேரம் ஏழெட்டு வருசம். ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் இருந்து ஸ்கொலர்ஷிப் சோதினை தாண்டிப் போகிற காலம்.

வாடகை வீட்டைப் பற்றி எழுதுகிற ஆட்கள் பெரும்பாலும் நகரத்தைத்தான் எழுதுவார்கள். கொழும்பு, சென்னை, லண்டன். எங்கட கரையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் சீதனத்தில் இருந்து தொடங்க வேண்டும். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரைக்கும், தமிழ் ஊரோ முஸ்லிம் ஊரோ, வீடு வளவு மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். தாய்வழிக் குடி எண்ணுகிற வழக்கமும் இதோடு சேர்ந்தே வருகிறது. 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, பிறகு பல தடவை திரும்பி வந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இலங்கைத் தமிழில் 'வீட்டுக்காரர்' என்றால் வீட்டுச் சொந்தக்காரரையும் குறிக்கும், புருசனையும் குறிக்கும். இந்தக் கரையில் இரண்டு கருத்திலும் அந்தச் சொல் கொஞ்சம் பொய்தான். உறுதியை எடுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வீட்டுக்காரி.

இதன் விளைவு என்னவென்றால், ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு என்று தாய் தகப்பன் இருபது வருசம் கல் கல்லாகக் கட்டுகிறார்கள். வெளிநாட்டுக் காசு வந்தால் வேகமாக ஏறும், வராவிட்டால் பூச்சுப் பூசாமல் நிற்கும். அந்த இடைவெளியில்தான் வாடகைக் குடும்பம் வந்து இருக்கிறது. இங்கே வீட்டுச் சொந்தக்காரர் என்பவர் பத்து வீடு வைத்திருக்கும் முதலாளி கிடையாது. ஒரு ஆசிரியை, ஒரு கடைக்கார நானா, கட்டாரில் இருக்கும் ஒரு சாரதி, அவ்வளவுதான். வாடகைக்கு இருப்பவர்களோ சீதன வளவு கிடைக்காதவர்கள்: புருசன் விட்டுப்போன பெண், இடம்பெயர்ந்து வந்து திரும்பிப் போகாத குடும்பம், கடலில் வீட்டை இழந்தவர்கள், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மாதிரி ஒரு துண்டுக் காணிக்கே வழியில்லாத ஊர்களில் நாலாவது ஐந்தாவது மகளாகப் பிறந்தவர்கள்.

இவர்களைச் சட்டம் எப்படிப் பார்த்தது?

வாடகைச் சட்டங்கள் யுத்தத்தின் பிள்ளைகள். 1915இல் முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் போர்முனையில். பெண்கள் வாடகை கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். மேரி பார்பர் என்கிற பெண்தான் முன்னுக்கு நின்றவர்களில் பெயர் பெற்றவர். எழுப்ப வருகிற ஆளைக் கண்டால் மணி அடித்துத் தெருவையே கூட்டுவார்களாம். அந்த வருசம் முடிவதற்குள் லண்டன் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அடுத்த யுத்தத்தில், 1942இல், அதே யோசனை இலங்கைக்கு வந்தது. பிறகு 1948இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1972இல் ஏழாம் இலக்க வாடகைச் சட்டம்.

1972 சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது அனுமதித்த அளவுக்கு மேல் வாடகை கூட்ட முடியாது. நிலுவை விழுந்தவுடன் வழக்குப் போடவும் முடியாது. முதல் தடவை நிலுவை என்றால் மூன்று மாத அறிவித்தல், இரண்டாம் தடவை என்றால் இரண்டு மாதம், மூன்றாம் தடவை ஒரு மாதம். இடையில் நிலுவையைக் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக எழுப்ப முடியாது. நோய், வேலையிழப்பு போன்ற காரணங்களை நீதிமன்றம் கணக்கில் எடுக்கவும் இடமிருந்தது. குடியிருந்தவர் செத்தால் மனைவி, பிள்ளைகள் தொடர்ந்து இருக்கவும் வழி இருந்தது. ஒரு தரம் சறுக்கின ஆளை வேறு, வேண்டுமென்றே கட்டாத ஆளை வேறு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி அந்தப் படிமுறையில் இருக்கிறது. அதை எழுதின ஆளுக்கு வாடகை வீட்டில் இருந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த வருசம், 1973 ஜனவரியில், இன்னும் பெரிய அடி. வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சர். தனி ஆளுக்கு இரண்டு வீடு. குடும்பத்துக்கு, தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டு. அதற்கு மேல் இருப்பது அரசுக்கு, அங்கே குடியிருப்பவர் அதை வாங்கலாம். பிள்ளைக்கு ஒரு வீடு என்ற கணக்கு எங்கட கரைக்கு ஒன்றும் புதிசில்லை. கொழும்பு முதலாளியை அடிக்க எழுதின சட்டம், திருக்கோவிலில் இரண்டு மகளுக்கு இரண்டு வீடு கட்டின தகப்பனைத் தொடவே இல்லை.

ஆனால் பயம் தொட்டது. "வாடகைக்கு விட்டால் வீடு போயிடும்" என்ற கதை அந்த வருசங்களில் பிறந்து, ஐம்பது வருசமாகச் சாகாமல் கிடக்கிறது. சட்டத்தைப் படித்த ஆள் ஊரில் ஒருவர் இருப்பார், கதையைக் கேட்டவர்கள் எல்லாரும். சிலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். சிலர் வருசத்துக்கு ஒரு தரம் ஆளை மாற்றினார்கள். குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்த சட்டமே குடியிருப்பவரைக் கண்டு பயப்பட வைத்தது என்று சொன்னால் முதலாளி பக்கம் பேசுவது போல இருக்கும். ஆனாலும் அதுதான் நடந்தது. 1977இல் ஆட்சி மாறிய பிறகு சட்டம் மெல்ல மெல்ல மற்றப் பக்கம் சாய்ந்தது. 1980 திருத்தத்தோடு அதற்குப் பிறகு கட்டின குடியிருப்பு வீடுகள் கட்டுப்பாட்டுக்கு வெளியே போயின. 2023இன் முதலாவது சட்டமே குத்தகை முடிந்த கட்டடத்தை வீட்டுக்காரர் விரைவாகத் திரும்ப எடுப்பதற்கான சட்டம்.

சரி, இதெல்லாம் தம்பிலுவிலில் இருப்பவருக்கு எவ்வளவு தூரம்? அநேகமாக இல்லை. எங்கட வீடுகள் எல்லாம் 1980க்குப் பிறகு கட்டினவை. சூறாவளி, கலவரம், சுனாமி என்று மூன்று தரம் கட்டினவையும் உண்டு. இங்கே வாடகை என்றால் வாய்ப்பேச்சு. 1840இல் வெள்ளைக்காரன் போட்ட மோசடித் தடுப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும் என்கிறது அது. நொத்தாரிசுக்குச் செலவழிக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே எட்டு வருசம் இருந்த குடும்பமும் சட்டத்தின் கண்ணில் மாதத்துக்கு மாதம் இருக்கிற குடும்பம்தான். ஒரு மாத அறிவித்தல் கொடுத்தால் போதும்.

அப்ப சட்டம் இல்லாத இடத்தில் மிஞ்சுவது வீட்டுக்காரரின் குணம் மட்டும்.

இந்தக் கரை அதைப் பல தரம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990இலும் அதற்குப் பிறகும் கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம் மாதிரி உள்பகுதிக் கிராமங்களில் இருந்து சனம் கரைக்கு வந்தபோது, திருக்கோவில் பக்கத்து வளவுகளில் கிடுகுக் கொட்டில் எழும்பியது. அதற்கு வாடகை என்று பெயரில்லை. கிணற்றைப் பாவிக்கலாம், வேலிக்குள் இருக்கலாம், அவ்வளவுதான் பேச்சு. சில கொட்டில்கள் ஒரு மாரி காலத்தோடு போயின, சில பத்துப் பதினைந்து வருசம் நின்றன. நின்ற இடங்களில் மனத்தாங்கலும் வந்தது, மறைக்கத் தேவையில்லை. அடைக்கலம் கொடுத்தவரின் மகளும் வளர்ந்தாள்தானே.

பிறகு 2004 டிசெம்பர் 26. நாட்டிலேயே கூடுதலாகச் சாவு விழுந்தது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க. அரசு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றர் வரைக்கும் கட்டக் கூடாது என்று கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். கோட்டுக்கு உள்ளே வீடு போனவர்களுக்கு வேறு இடத்தில் வீடு. வெளியே முழுதாக உடைந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 1,00,000. அந்தக் காசுக்குக் காணி தன்னுடையது என்று காட்ட வேண்டும்.

வாடகைக்கு இருந்தவர் என்ன காட்டுவார்? வீடு இடிந்தது, சாமான் போனது, சில வீடுகளில் ஆளும் போனது. ஆனால் உடைந்த வீட்டுக்கான காசு உறுதிக்காரருக்கு. வீட்டுக்காரர் அந்தக் காசில் திரும்பக் கட்டினபோது அதை மகளுக்குத்தான் கட்டினார். மக்கில்வ்ரே சுனாமிக்குப் பிறகு திரும்பி வந்து எழுதினதும் இதைத்தான்: கிடைத்த வீட்டைச் சனம் தங்களுக்கான கூரையாக மட்டும் பார்க்கவில்லை, அடுத்த மகளின் சீதனமாகப் பார்த்தது. இன்னொரு பக்கம், தாய்வழி வந்த பெண்ணின் வளவுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு, 'குடும்பத் தலைவர்' என்ற பத்திரக் கட்டத்துக்குள் ஆணின் பெயருக்குப் போன கதைகளும் உண்டு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு 500 வீடு கட்டினார்கள். பாதிக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு என்று வந்த வீடுகள். யாருக்கு எந்த விகிதத்தில் கொடுப்பது என்பது வழக்காகி, 2009இல் உயர் நீதிமன்றம் இன விகிதாசாரப்படி கொடுக்கச் சொன்னது. வீடுகள் வருசக்கணக்காக ஆளில்லாமல் புல் முளைத்துக் கிடந்தன. அதே வருசங்களில் சுனாமியில் வீடு போனவர்கள் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் மாத வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது அந்தக் கூரைகளைப் பார்த்திருக்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று வாதாடுகிற ஆட்கள் இரண்டு பக்கமும் உண்டு. வாடகை கட்டினவர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இப்போது வீட்டுக்காரர்கள் செய்யக்கூடிய, ஆனால் செய்யப் பயப்படுகிற ஒரு சின்ன விசயத்துக்கு வருவோம். கையெழுத்து.

வாடகைக்குப் போன குடும்பம் ஜி.எஸ்.இடம் பதிய வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் வர வேண்டும். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க, சமுர்த்தி எடுக்க, இப்போது அஸ்வெசும எடுக்க, எல்லாவற்றுக்கும் வதிவிடம் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் ஆமென்று சொன்னால் லேசு. "அது மட்டும் கேக்காதீங்க தம்பி, பிறகு வீடு உங்கட பேருக்குப் போயிடும்" என்று சொல்லுகிறவர்கள்தான் அதிகம். இங்கேதான் 1973இன் பேய் இன்னும் உலாவுகிறது. அதோடு இன்னொரு பேய், 1871இன் காலாவதிச் சட்டம்: பத்து வருசம் இருந்தால் காணி இருந்தவருக்கு என்கிற பேச்சு. உண்மை என்னவென்றால், அந்தப் பத்து வருசம் உரிமையாளருக்கு எதிராக இருந்த ஆளுக்குத்தான். வாடகைக்கு, அனுமதியோடு வந்து இருப்பவர் எத்தனை வருசம் இருந்தாலும் அந்த இருப்பை மட்டும் வைத்து உறுதி எழுத முடியாது. வாடகை வாங்கின சிட்டை இருந்தால் அது வீட்டுக்காரருக்கே காவல். வாக்காளர் இடாப்பு யார் எங்கே இருக்கிறார் என்று சொல்லும், வீடு யாருடையது என்று சொல்லாது. இந்த இரண்டு வரியை ஊர் முழுக்கச் சொன்னாலே எத்தனையோ குடும்பத்துக்கு உதவி.

பதிவில்லாமல் இருப்பது எங்கட ஆட்களுக்கு வெறும் காகிதப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போக பாஸ்போட்டுக்கு நின்றவர்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது. சொந்த வீட்டில் இருந்தவரை அப்படி ஏற்றியிருக்க மாட்டார்கள். வாடகை அறையில் இருப்பவர் 'காரணம் சொல்ல வேண்டிய ஆள்'.

வீட்டுக்காரர் வேறு மாதிரி நடந்த வரலாறு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1865இல் லண்டன் மெரிலபோனில் ஒக்டேவியா ஹில் என்ற இளம் பெண், எழுத்தாளர் ஜோன் ரஸ்கின் வாங்கிக் கொடுத்த மூன்று மோசமான வீடுகளைப் பொறுப்பெடுத்தார். தருமம் செய்யவில்லை. போட்ட காசுக்கு வருசம் 5 சதவீதம் ரஸ்கினுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது, அதுதான் திட்டம். ஒவ்வொரு கிழமையும் வாடகை வாங்க அவரே, பிறகு அவர் பழக்கின பெண்களே போனார்கள். பழுதுபார்க்க ஒதுக்கின காசு மிஞ்சினால் அதில் என்ன செய்வது என்று குடியிருப்பவர் சொல்லலாம். வேலை இல்லாத காலத்தில் அதே வீடுகளைக் கழுவ, வெள்ளையடிக்க, திருத்த அவர்களுக்கே கூலி. அந்தக் கூலி வாடகையாகத் திரும்பி வந்தது. அவருடைய பிரசங்கமும் கண்டிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. நிலுவை வைத்தவருக்கு ஈவிரக்கமில்லாமல் நோட்டீஸ் கொடுத்த ஆள். ஆனால் கிழமைக்கு ஒரு தரம் முகம் பார்த்ததால், ஒருவர் விழப்போகிறார் என்பது விழுவதற்கு முதலே தெரிந்தது. நிலுவை ஆறு மாதம் சேர்ந்த பிறகு பேசினால் அது சண்டை, முதலாவது மாதத்திலேயே பேசினால் கணக்கு.

எங்கட ஊரில் இதற்குப் பெயர் வைக்காமலே செய்த ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளாமை வேலைக்குப் போகிறவரிடம் மாதாமாதம் கேட்காமல் பெரும்போகம் வெட்டின பிறகு சேர்த்து வாங்குவது. கரைவலைக்குப் போகிற குடும்பம் என்றால், கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளிக்கிற காலத்தை விட்டுவிட்டு மற்ற மாதங்களில் கூட்டி வாங்குவது. முற்பணத்தில் இருந்து இரண்டு மாதம் கழிப்பது. பூச்சு வேலை தெரிந்தவர் என்றால் கூலியை வாடகையில் கழிப்பது. இதிலெல்லாம் வீட்டுக்காரருக்குப் பெரிசாக நட்டமில்லை. வெறும் வீடு மாரியில் கறையான் பிடிக்கும், கிணறு பாசி பிடிக்கும். நல்ல ஆளை எழுப்பிவிட்டுப் புது ஆளைத் தேடுவதற்குள் மூன்று மாத வாடகை போய்விடும்.

2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், அந்தப் பெரும்போகம் விழுந்தது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொடப் பார்த்தது. அந்த வருசம் வாடகையைக் கூட்டின வீட்டுக்காரரையும் தெரியும், அவருக்கும் மாவு அதே விலைதான். கூட்டாமல் விட்ட வீட்டுக்காரியையும் தெரியும். ஓய்வு பெற்ற ஆசிரியை, தம்பிலுவிலில்தான். குடியிருந்த பெண்ணின் புருசன் மேசன். சீமெந்து விலை ஏறி அவருக்கு வேலை நின்றுபோன மாதமே ரீச்சர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "பாதியைத் தாங்க புள்ள, மிச்சத்தைக் கொப்பியில எழுதுவம்." எழுதினார்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

கண்ணகை அம்மன் கோயில் ஊர் என்பதால் ஒன்று ஞாபகம் வருகிறது. வைகாசிச் சடங்கில் மதுரை எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு முந்தின இரவுகள் கண்ணகி எங்கே இருந்தாள்? சொந்த வீடு புகாரில். மதுரையில் அவள் இருந்தது ஆயர் சேரியில், மாதரி என்ற இடைச்சி ஒதுக்கிக் கொடுத்த மனையில். சிலப்பதிகாரத்தில் மாதரி, தன்னிடம் அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் இறங்குகிறாள். எங்கட வீட்டுக்காரிகளிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை.

அந்த ரீச்சரின் மகளுக்குப் போன வருசம் கலியாணம் சரி வந்தது. பேச்சு முற்றாவதற்கு முதலே, ஒரு வருசம் முன்னால், குடியிருந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். "மூத்தவன்ர சோதினை முடியட்டும், அதுக்குள்ள நானும் வீடு பாக்கிறன்." பார்த்ததும் அவர்தான், இரண்டு ஒழுங்கை தள்ளி, தன்ர தங்கச்சிட வளவில். கொப்பியில் இன்னும் 14,000 ரூபாய் மிச்சம் இருக்கிறதாம். மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள்.